ஒல்லாந்தரின் வாழ்வில் நொத்தாரிசு

காணி விற்கும்போதும், ஈடு வைக்கும்போதும், மகளுக்குச் சீதன உறுதி எழுதும்போதும் இலங்கைத் தமிழ் மக்கள் நாடிச் செல்வது நொத்தாரிசின் வாயிலையே. அப்பெயர் தமிழுமன்று, ஆங்கிலமுமன்று. 'நொத்தாரிஸ்' என்னும் ஒல்லாந்தச் சொல்லே ஈற்றில் ஓர் உகரம் பெற்று இந்நாட்டில் வழங்குகின்றது. அவர் அமர்ந்து தொழில் புரியும் 'கந்தோர்' என்பதும் அதே மொழியினின்று வந்ததே. ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியபின் 1799இல் ஆங்கிலேயர் செய்த பிரகடனம் முன்னைய சட்டங்கள் தொடர்ந்து நிலவும் என்று கூறிற்று. உரோமன் ஒல்லாந்தச் சட்டம் இத்தீவில் நிலைபெற்றது அவ்வாறே. ஆயினும், சொல் ஒன்றாயிருப்பது கொண்டு அச்சொல்லாற் குறிக்கப்படும் மனிதரும் ஒருவரே என்று எண்ணிவிடுதல் பொருந்தாது. இலங்கை நொத்தாரிசுக்கும் நெதர்லாந்து நொத்தாரிசுக்கும் இடையே வேறுபாடு பெரிது.

இந்நாட்டில் சட்டத்தரணிகளே நொத்தாரிசுத் தொழிலும் புரிகின்றனர். காலையில் ஒருவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் மாலையில் அவருக்கே உறுதி எழுதலாம். நெதர்லாந்தில் இது நடவாது. அங்கே வழக்கறிஞர் நொத்தாரிசாக இருத்தலும், நொத்தாரிசு வழக்கறிஞராக இருத்தலும் சட்டத்தால் விலக்கப்பட்டவை. வழக்கறிஞர் ஒரு கட்சியின் ஆள். நொத்தாரிசு எக்கட்சிக்கும் ஆளல்லர். விற்போனும் வாங்குவோனும், கடன் கொடுத்தவனும் பட்டவனும், மணமகனும் மணமகளும் அவர் மேசைக்கு முன்னே ஒரே தகுதியுடையோர். அவரை நியமிப்பது முடியரசு. சுதந்திரமாகவும் பக்கஞ்சாராமலும் பணியாற்றுவேன் என்று அவர் நீதிமன்றத்தில் சத்தியஞ் செய்கின்றார். எனினும் அவர் அரசாங்கச் சம்பளம் பெறுவதில்லை. நாடி வருவோர் கொடுக்கும் கட்டணமே அவர் சீவனம். அரசின் முத்திரையை ஒரு கையிலும் வணிகனின் கணக்கேட்டை மறு கையிலும் வைத்திருக்கும் இந்நிலை நெருக்கடியைத் தரவல்லது என்பதைப் பின்னர்க் காணலாம்.

இன்னொரு வேறுபாடு பத்திரத்தின் இருப்பிடம் பற்றியது. இலங்கையில் மூல உறுதி உரியவர் கைக்கு வரும். ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். மற்றொன்று நொத்தாரிசிடம் இருக்கும். வீட்டுப் பெட்டகத்தில் உறுதியைப் பூட்டிவைத்து, தீயும் கறையானும் போரும் அதை அழித்தபின் தவித்த குடும்பங்களை நேயர்கள் அறிவர். நெதர்லாந்தில் கையொப்பமிட்ட மூலம் நொத்தாரிசின் காப்பறையை விட்டு வெளியேறுவதேயில்லை. 'மினூற்' என்பது அதன் பெயர். கட்சிக்காரர் பெறுவது பிரதி மட்டுமே. கடன் உறுதியானால், 'மன்னரின் பெயரால்' என்று தலைப்பிட்ட ஒரு சிறப்புப் பிரதியும் உண்டு. அது நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது. வழக்குத் தொடுக்காமலே அதைக்கொண்டு கடனை அறவிடலாம். நொத்தாரிசு ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ அவர் தொகுதி முழுவதும் அடுத்து வருபவரிடம் செல்லும். காலங் கடந்தபின் அரசாங்கச் சுவடிச்சாலையைச் சேரும்.

இவ்வழக்கத்தின் விளைவை ஆம்ஸ்ரர்டாம் நகரச் சுவடிச்சாலையிற் காணலாம். 1578 முதல் 1915 வரையுள்ள நொத்தாரிசுப் பத்திரங்கள் அங்கே ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர் நீளமான தட்டுகளில் அடுக்கப்பட்டுள்ளன. யுனெஸ்கோ நிறுவனம் 2017இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. மன்னரின் சாசனங்களும் உடன்படிக்கைகளும் எந்நாட்டிலும் பேணப்படுவனவே. இங்கே பேணப்பட்டவை வேலைக்காரியின் முறைப்பாடும், மாலுமியின் கடனும், தெருச் சண்டையைப் பார்த்தவரின் சாட்சியமுமாகும்.

பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் உலகக் கடல்களில் வாணிகம் நடத்தினர். சிக்கனத்துக்குப் பெயர்போன அம்மக்கள், வாய்ச்சொல்லை நம்பிப் பின் வழக்காடுவதினும் நொத்தாரிசுக்குக் கூலி கொடுப்பதே இலாபம் என்று கணக்கிட்டனர் போலும். கப்பல் வாடகை, காப்புறுதி, சரக்குச் சேதம், தொழில் பழகும் சிறுவனின் ஒப்பந்தம் யாவும் எழுத்தாயின. நொத்தாரிசு பதவிக்கு யாரும் தாமாக வந்துவிட முடியாது. ஐந்தாம் சார்ள்ஸ் பேரரசரின் காலந்தொட்டே அவர்கள் நீதிமன்றத்தின் சோதனைக்கு உட்பட்டே சேர்க்கப்பட்டனர். சிலர் கடலோடிகளிடையே பெயர்பெற்றனர். வேறு சிலர் போர்த்துக்கேய யூத வணிகருக்கு வேண்டியவராயினர். தோணித்துறை அருகிலும் சந்தை அருகிலும் அவர்களின் பலகைகள் தொங்கின.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602 முதல் 1795 வரை ஆசியாவுக்கு அனுப்பியவர் தொகை ஏறத்தாழப் பத்து இலட்சம். திரும்பி வந்தோர் அதிற் பாதிக்கும் குறைவு. இக்கணக்கை நினைவிற் கொண்டால், கப்பலேறுமுன் ஒரு மாலுமி ஏன் நொத்தாரிசின் படியேறினான் என்பது விளங்கும். தான் இறந்தால் ஊதிய நிலுவை யாரைச் சேரவேண்டும் என்று மரணசாதனம் எழுதுவித்தான். தான் இல்லாத காலத்தில் மனைவி கொடுக்கல் வாங்கல் செய்யத் தத்துவப் பத்திரம் கொடுத்தான். திருமணமான பெண் கணவனின் பாதுகாப்புக்கு உட்பட்டவள் என்பது அக்காலச் சட்டம். அந்தத் தத்துவப் பத்திரமே மாலுமியின் மனைவியைக் குடும்பத்தின் தலைவியாக்கிற்று. எழுத்தறியாதோர் பலர் பெயருக்குப் பதிலாக ஒரு குறியை இட்டனர். காலியிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்துக் கோட்டையிலும் காவல் நின்ற எத்தனையோ ஒல்லாந்தச் சிப்பாய்களின் கடைசி விருப்பம் இவ்வாறு எங்கோ ஒரு நகரத்தில் எழுதிவைக்கப்பட்டிருந்தது.

உறுதியைக் கட்சிக்காரருக்குப் படித்துக் காட்டியபின்னரே கையொப்பம் பெறவேண்டும் என்பது இத்தொழிலின் தொன்மையான விதி. அவ்விதியின் பயனையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் ஒரு சம்பவம், ஓவியர் றெம்பிராண்டின் வீட்டுச் சமையலறையில் 1649ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் நிகழ்ந்தது.

றெம்பிராண்டின் மனைவி சாஸ்கியா 1642இல் இறந்தாள். கைக்குழந்தை தீற்றுஸை வளர்க்க வந்தவள் ஹேர்ட்யா டிர்க்ஸ் என்னும் விதவை. ஓவியர் அவளுடன் வாழ்ந்தார். இறந்த மனைவியின் நகைகளையும் அவளுக்குக் கொடுத்தார். அவளோ 1648இல் நொத்தாரிசு முன்னிலையில் மரணசாதனம் எழுதித் தீற்றுஸைத் தன் வாரிசாக்கினாள். மறு ஆண்டு அவர்களிடையே பிளவு நேர்ந்தது. தன்னை மணப்பதாக வாக்களித்தார் என்று அவள் திருமண விவகார மன்றத்தை நாடினாள். ஆண்டுக்கு 160 கில்டர் கொடுப்பதென்றும், அவள் முன்னெழுதிய மரணசாதனத்தை மாற்றலாகாதென்றும் ஓர் உடன்படிக்கை வரையப்பட்டது. அதனை ஏந்திக்கொண்டு நொத்தாரிசு சமையலறைக்கு வந்தார். அவர் படிக்கத் தொடங்க, ஹேர்ட்யா சீறியெழுந்தாள். அதனைக் கேட்கவும் மாட்டேன், ஒப்பமிடவும் மாட்டேன் என்று மறுத்தாள்.

நொத்தாரிசு அவளை வற்புறுத்தி ஒப்பம் பெறவில்லை. அவள் மறுத்ததையே எழுதிவைத்தார். பேர்பெற்ற ஓவியரின் சொல்லுக்கு எதிராக, செல்வாக்கற்ற ஒரு பணிப்பெண்ணின் 'மாட்டேன்' என்னும் சொல் அந்தத் தாளில் ஏறிற்று. பின்னர் மன்றம் அவளுக்கு ஆண்டுக்கு 200 கில்டர் கொடுக்குமாறு தீர்த்தது. கதை அத்துடன் இனிதே முடிந்திருப்பின் நன்று. ஆயின் 1650இல் றெம்பிராண்ட் அயலவரின் சாட்சியங்களைத் திரட்டுவித்து அவளைக் ஹவுடா நகரத் திருத்தச் சிறையில் அடைப்பித்தார். 1655இலேயே அவள் விடுதலை பெற்றாள். எழுதப்பட்ட சாட்சியம் எளியோரைக் காக்கவும் வல்லது, சிறையிடவும் வல்லது. எழுதுபவர் எதிரே நிற்பவரை எவ்வளவு கூர்ந்து நோக்குகிறார் என்பதிலே வேறுபாடு தங்கியிருந்தது.

நெப்போலியன் நெதர்லாந்தைப் பிரான்சுடன் இணைத்தபோது, பிரெஞ்சு நொத்தாரிசுச் சட்டம் 1811இல் அங்கே புகுந்தது. படையெடுத்து வந்தவரை விரட்டியபின்னும் அவர் கொணர்ந்த ஒழுங்கு நல்லதாயிருந்தமையால் ஒல்லாந்தர் அதனை விடவில்லை. 1842இல் தமக்கென ஒரு நொத்தாரிசுச் சட்டம் இயற்றினர். மறு ஆண்டு நொத்தாரிசுகளின் சங்கம் தோன்றிற்று. அச்சட்டம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

அந்நூற்றாண்டில் நாட்டுப்புற ஊர்களில் நகரபிதா, போதகர், வைத்தியர், நொத்தாரிசு என்போரே பெரிய மனிதர். எந்தக் குடியானவன் கடனாளி, எவன் காசுக்காரன், எந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பியரிடையே பேச்சில்லை என்பதெல்லாம் நொத்தாரிசு அறிவார், அறிந்ததை வெளியிடார். தொழில் இரகசியம் பேணுதல் அவருக்குச் சட்டக் கடமை. ஊர்ச் சத்திரத்தில் வீடும் வயலும் ஏலத்தில் விற்பதும் அவர் தலைமையிலேயே நடக்கும். ஒல்லாந்த ஏலம் விசித்திரமானது. முதற்கட்டத்தில் கேள்வி மேலேறிச் செல்லும். அதன்பின் மிக உயர்ந்த தொகையொன்றிலிருந்து படிப்படியாக இறக்கிக் கூறுவர். எவன் முதலில் 'மைன்', அதாவது 'எனது', என்று கூவுகிறானோ ஆதனம் அவனுக்கு. எவரும் கூவாவிடின் முதற்கட்டத்தில் அதிகம் கேட்டவனுக்கே போகும். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பரம்பரைக் காணி கைமாறும் அவ்வேளையில், யார் முந்திக் கூவினான் என்ற பிணக்குக்கு நொத்தாரிசின் சொல்லே முடிவு.

காணி விற்பனைக்கு நொத்தாரிசு உறுதி இன்றியமையாதது என்னும் விதியை இலங்கை மக்கள் ஒல்லாந்தரிடமிருந்து வந்ததாகக் கருதக்கூடும். உண்மை சுவையானது. இலங்கையில் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இன்றிக் காணி உறுதி செல்லாது என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டம் விதித்தது. பழைய ஒல்லாந்திலோ நிலமாற்றம் ஊர் நீதிமன்றத்தார் முன்னிலையில் நடந்தது. பிற்காலத்திலும், கட்சிக்காரர் தாமே எழுதிய பத்திரத்தைப் பதிவதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. நொத்தாரிசு உறுதி அங்கே கட்டாயமானது 1956இலேயே.

இன்று ஒருவர் அங்கே வீடு வாங்கும் முறை இது. விற்போனும் வாங்குவோனும் முதலில் தமக்குள் எழுத்தில் உடன்படுவர். மனம் மாறினால் மூன்று நாளுக்குள் விலகிக்கொள்ள வாங்குவோனுக்கு 2003 முதல் உரிமை உண்டு. விலைப்பணம் விற்போன் கைக்கு நேரே போகாது. நொத்தாரிசின் தனிக் கணக்குக்குச் செல்லும். அப்பணம் அவருடையதன்று, அவருடைய கடன்காரர் அதனைத் தொடவியலாது. வீட்டின்மேல் ஈடோ தடையோ உளதா என்று அவர் 1832இல் நிறுவப்பட்ட நிலப்பதிவகத்தின் ஏடுகளைச் சோதிப்பார். உறுதி ஒப்பமாகிப் பதிவும் சரியென்று கண்டபின்னரே பணத்தை விடுவிப்பார். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டியதில்லை. இருவரும் மூன்றாமவர் ஒருவரை நம்பினாற் போதும்.

குடும்ப வாழ்விலும் அவர் கை நீண்டது. ஒல்லாந்தச் சட்டப்படி திருமணஞ் செய்தவரின் சொத்தும் கடனும் பொதுவாயின. அதனை வேண்டாதோர் நொத்தாரிசிடம் வேறு உடன்படிக்கை எழுதுவித்தனர். 2018 தொடக்கம் மணமுடிப்போருக்கு, திருமணத்துக்கு முன் தனியே ஈட்டியதும் முதுசமாக வந்ததும் பொதுவாகா என்று விதி மாற்றப்பட்டது. மரணசாதனங்கள் எங்கே உள்ளன என்று அறிவதற்கு 1918இல் ஒரு மத்திய பதிவேடு ஹேக் நகரில் ஏற்பட்டது. ஒருவர் இறந்தபின் அவர் மரணசாதனம் எழுதினாரா, எந்த நொத்தாரிசிடம் எழுதினார் என்று யாரும் வினவலாம். அதிற் சொல்லப்பட்டது யாது என்பதை மட்டும் அப்பதிவேடு கூறாது.

நொத்தாரிசின் பேனா சட்டத்தையே மாற்றிய ஒரு வரலாறும் உண்டு. தந்தை இறந்ததும் பிள்ளைகள் தத்தம் பங்கைக் கேட்டால், தாய் குடியிருக்கும் வீட்டையே விற்க நேரும். இதனைத் தவிர்க்க நொத்தாரிசுகள் ஒரு வழி கண்டனர்: ஆதனம் முழுவதும் தாய்க்கு, பிள்ளைகளின் பங்கு தாய் பட்ட கடனாகக் கணக்கில் நிற்கும், அவள் இறந்தபின் அது தீர்க்கப்படும். இவ்வாறு பல்லாண்டு காலம் எண்ணற்ற மரணசாதனங்கள் எழுதப்பட்டன. 2003இல் புதிய முதுசச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மரணசாதனம் எழுதாதவருக்கும் இதுவே பொது விதியாயிற்று. சட்டமன்றத்தார் நொத்தாரிசுகளின் சுவடியைப் பார்த்துச் சட்டம் எழுதினர் என்றால் மிகையாகாது.

இத்தொழிலின் இருண்ட பக்கத்தையும் மறைத்தலாகாது. 1940 மே மாதத்தில் ஜேர்மனியப் படை நெதர்லாந்தைக் கைப்பற்றிற்று. 1941 ஓகஸ்ற் மாதக் கட்டளையொன்று யூதரின் வீடுகளையும் நிலங்களையும் பதிவு செய்யுமாறு பணித்தது. அவற்றின் நிருவாகம் உரியவர் கையினின்று பறிக்கப்பட்டது. பின்னர் அவை வேற்றாருக்கு விற்கப்பட்டன. அந்நாட்டில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதருள் 1,02,000 பேர் அளவில் கொல்லப்பட்டனர். விற்கப்பட்ட வீடுகளுக்கு உறுதி வேண்டும். அவற்றை எழுதியோர் நொத்தாரிசுகள். சிலர் எழுத மறுத்தனர். பலர் எழுதினர். பத்திரம் முறைப்படி அமைந்திருந்தது. தேதி சரி, அளவு சரி, முத்திரை சரி. உரிமையாளர் மட்டும் அங்கில்லை. அவர் சம்மதித்தாரா என்று கேட்பாருமில்லை. போருக்குப்பின் திரும்பி வந்த சிலர் தம் வீட்டை மீட்க நெடுங்காலம் போராடினர். றேமுண்ட் ஷூற்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், அக்காலத்து நொத்தாரிசுகளின் நடத்தையை விரிவாக வெளிக்கொணர்ந்தது. சமையலறையில் ஒரு பணிப்பெண்ணின் மறுப்பை எழுதிவைத்த அதே தொழில், மூன்று நூற்றாண்டின் பின், மறுக்கவும் வழியற்றோரின் வீடுகளை எழுதிக் கொடுத்தது. பக்கஞ்சாராமை என்பது பேசாமலிருத்தல் என்று பொருள்கொள்ளப்பட்டதன் பயன் இது.

பின்வந்த காலத்தில் நீதிமன்றங்கள் அப்பொருளைத் திருத்தின. 1989இல், கோரனிங்கன் பகுதியில் எழுந்த ஒரு திருமண உடன்படிக்கை வழக்கில், நெதர்லாந்தின் உயர் நீதிமன்றம் தெளிவான கடமையொன்றை உரைத்தது. ஒருவரின் சட்ட அறியாமையையும் மற்றவரின் மேலாதிக்கத்தையும் கொண்டு அநியாயம் நடவாதபடி காப்பது நொத்தாரிசின் பணி என்றது. படித்துக் காட்டினேன், ஒப்பமிட்டார்கள் என்று அவர் தப்பிக்கொள்ள இயலாது. கேட்டவருக்கு விளங்கிற்றா, இதனால் அவர் இழப்பது யாதென்று அறிந்தாரா என்று வினவவேண்டும். சட்டத்துக்கு மாறானது என்று தகுந்த ஐயம் எழுந்தால் எழுத மறுக்கவும் வேண்டும்.

வினவுவதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு விலை உண்டு. இங்கேதான் முன்னர்க் கூறிய நெருக்கடி எழுகின்றது. நீண்டகாலமாக நொத்தாரிசின் கட்டணங்கள் நிர்ணயிக்கப்பட்டிருந்தன. பெரிய வீடுகளின் உறுதியில் அவர் நிறையச் சம்பாதித்தார்; ஏழை விதவையின் மரணசாதனத்தைக் குறைந்த கூலிக்கு எழுதினார்; முன்னையது பின்னையதைத் தாங்கிற்று. 1999ஆம் ஆண்டின் புதிய சட்டம் போட்டியை வரவேற்றுக் கட்டணத்தைப் படிப்படியாகத் தளர்த்திற்று. 2003இல் கட்டு முற்றாக நீங்கியது. மக்கள் விலை விசாரித்து, மலிவானவரைத் தேடலாயினர். வீட்டு உறுதிகளின் கட்டணம் வீழ்ந்தது. குடும்பப் பத்திரங்களின் கட்டணம் ஏறிற்று. வீடு வாங்குவோருக்கு நன்மை என்பதை மறுக்கவியலாது. ஆயின் மலிவு விலைக்கு உறுதி எழுதுபவர், மகனின் கையைப் பற்றிக்கொண்டு வந்திருக்கும் முதிய தாயைத் தனியே அழைத்து, 'அம்மா, வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுப்பது உங்கள் சொந்த விருப்பந்தானா?' என்று கேட்க அரைமணி நேரம் ஒதுக்குவாரா? அந்த அரைமணி எந்தக் கட்டணப் பட்டியலிலும் தனியே காணப்படுவதில்லை.

சட்டக்கல்வியும் அதன்மேல் குறைந்தது ஆறாண்டுப் பயிற்சியும் பெற்றவரே இன்றும் அப்பதவிக்கு வரமுடியும். எழுபது வயதில் அதனை விட்டு நீங்கவேண்டும். 2024 சனவரி முதல், கம்பனி ஒன்றைத் தொடங்குவோர் கந்தோருக்குச் செல்லாமலே, கணினித் திரையின் வாயிலாக நொத்தாரிசு முன்னிலையில் உறுதியை முடித்துக்கொள்ளலாம். வீட்டு உறுதிக்கும் மரணசாதனத்துக்கும் அவ்வசதி அளிக்கப்படவில்லை. கம்பனி உறுதியிலும், திரையில் தோன்றுபவர் வேறொருவரோ என்று ஐயுற்றாலோ, அவர் தகுதிபற்றிச் சந்தேகம் எழுந்தாலோ, அவரைக் கந்தோருக்கு நேரில் வருமாறு அழைக்கும் உரிமை நொத்தாரிசிடமே விடப்பட்டுள்ளது.